செயின் வண்டி அக்கா

நான் அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தது போன் எடுக்க. கிளை சாய்ந்துவிட்டது, பூச்சி விழுந்துவிட்டது, வேர் சுவரைத் தள்ளுகிறது என்று சைனிக்புரியிலிருந்தும் அல்வாலிலிருந்தும் ஆட்கள் கூப்பிடுவார்கள். விலாசம் கேட்டுக்கொண்டு, என்றைக்கு வருவோம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதை நம்பிப் போனேன். நேர்முகத் தேர்வு அவர் வீட்டு வாசலில், சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து நடந்தது. தெலுங்கு தெரியுமா என்றார். சுமாராகத் தெரியும் என்றேன். இந்தி? அது அதைவிடச் சுமார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். "போன் எடுப்பே, சரி. கூடவே என்னா செய்வே?"

போனை எடுத்துக்கொண்டே வேறு என்ன செய்வது என்று திருச்சியில் யாரும் என்னைக் கேட்டதில்லை. அன்று மாலைக்குள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கயிற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு யானைக்குட்டி கனமுள்ள இரும்பு வண்டியை சைனிக்புரிச் சந்துகளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன் ஸ்கூட்டியில் பாலம் ஏறவே பயந்தவள் நான். என் அம்மா இதை இன்னும் நம்பவில்லை.

அக்காவின் தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு செகந்திராபாத் வந்தவர். அந்த வீட்டுத் தமிழில் தெலுங்கும் தக்கினி இந்தியும் தாராளமாகப் புகுந்து கால் நீட்டிப் படுத்திருக்கும். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பருத்திப் புடவை, அதன் மேல் கணவரின் பழைய சட்டை. கணவர் காஜிப்பேட்டையில் ரயில்வே வேலை, வாரக் கடைசியில் வருவார். சட்டை எதற்கு என்று கேட்டேன். வெயிலுக்கு ஆச்சு, பைக்கு ஆச்சு, கை துடைக்க ஆச்சு என்று விரல் மடக்கினார். நான்காவது விரலுக்கும் ஏதோ வைத்திருந்தார், போன் வந்துவிட்டது.

ஒரு பொருள் ஒரே ஒரு வேலை செய்துவிட்டுச் சும்மா இருந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. அதை அவர் சோம்பேறித்தனம் என்றே நினைத்தார். குடையின் கம்பில் வெள்ளைக்கோடு போட்டு அதனால்தான் கேட்டின் அகலத்தை அளப்பார். குக்கர் வெயிட்டை நூலில் தொங்கவிட்டு மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அன்றைக்கு மதியம் அவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. பழைய இட்லித் தட்டின் குழிகளில் நட்டும் வாஷரும் அளவுவாரியாகப் போட்டு வைத்திருந்தார். எது பழைய தட்டு, எது புதுத் தட்டு என்பதில் அவருக்கே சில சமயம் குழப்பம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இட்லிக்குள்ளிருந்து ஒரு வாஷர் வந்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. நேற்றிலிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று வாங்கித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

செயின் வண்டி பிறந்ததும் இந்தப் பொறுக்காத குணத்தில்தான். ஆரம்பத்தில் ஒரு பெரிய மரத்து வேலை என்றால் நான்கு வண்டிகளை வாடகைக்குப் பிடிப்பாராம். ஆளைத் தூக்கக் கூடை வண்டி, கிளையை இழுக்க வின்ச் வண்டி, வெட்டியதைத் தூளாக்க சிப்பர், அடிக்கட்டையை அரைக்க இன்னொன்று. பேகம்பேட்டையில் ஓர் ஆபீஸ் வளாகத்தில் நான்கும் வரிசையாக நின்றதைப் பற்றி அவர் சொல்லும்போது கோபம் புதிதாகவே இருக்கும். "ஒண்ணு வேலை செய்யுது, மூணு வேடிக்கை பாக்குது. நாலுக்கும் எஞ்சின், நாலுக்கும் டிரைவர், நாலு டிரைவருக்கும் டீ. கைக்கு?"

கைக்கு என்றால் எதற்கு. அந்தக் கேள்வியோடு போய், பழுதாகிக் கிடந்த ஒரு சின்ன மண் தோண்டும் வண்டியை வாங்கினார். அதன் கையையும் கூண்டையும் கழற்றிவிட்டு, ரப்பர் சங்கிலியில் ஓடும் அடிப்பாகத்தையும் எஞ்சினையும் மட்டும் வைத்துக்கொண்டார். முன்னால் ஓர் இரும்புப் பலகை. வின்ச், கூடை, சிப்பர், கட்டை அரைக்கும் மெஷின், மருந்தடிக்கும் டேங்க் எல்லாவற்றின் முதுகிலும் அதே பலகைக்குப் பொருந்துகிற மாதிரி பாலாநகர் பட்டறையில் வெல்டு வைத்தார். இரண்டு பின், இரண்டு ஆயில் ஹோஸ். கழற்றினால் சிப்பர் போய்விடும், மாட்டினால் வின்ச் வந்துவிடும். டீ ஆறுவதற்குள் வண்டி வேறு வண்டி ஆகிவிடும். புல்தரையில் ஓடினாலும் தழும்பு விழாது, அதனால் தோட்டக்கார வீடுகளில் எங்களுக்கு ஏக மரியாதை.

முதன்முதலாகச் சிப்பரை மாட்டியபோது கனம் தாங்காமல் வண்டி முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்து, பட்டறை வாசலில் எல்லோருக்கும் நமஸ்காரம் செய்ததாம். சமன் செய்வதற்காகப் பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்டு ஊற்றிப் பின்னால் தொங்கவிட்டார். கூடையை மாட்டினால் மட்டும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இரும்புக் கால்களை இறக்கித் தரையில் ஊன்ற வேண்டும். மற்ற நாட்களில் டப்பாக்கள் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட. இரும்புக் கால்கள் துணி காயப்போட.

மனிதர்களும் தப்ப முடியாது. என்னை அழைத்துப் போக ஒருநாள் என் கணவர் வந்தார். மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறவர், அதுவரை ஸ்குரூ டிரைவரைத் தொட்டதில்லை. வாசலில் சும்மா நின்றதுதான் அவர் செய்த தப்பு. இருட்டும்போது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ரிமோட்டின் சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தார். ஆயில் சட்டையோடு வீட்டுக்கு வந்து, அடுத்த சனிக்கிழமையும் அங்கே போக வேண்டும் என்று அவராகவே சொன்னார். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகளை, வாடிக்கையாளர்களிடம் தெலுங்கில் பேச அக்கா உட்கார வைத்துவிட்டார். அக்காவுக்குக் கூலி கொடுக்கவும் மனசு உண்டு, வேலை வாங்கவும் மனசு உண்டு. இரண்டையும் ஒரே சிரிப்பில் செய்வார்.

பேச்சிலும் இதே சிக்கனம். 'கட்டு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மரத்து வேலை முழுவதையும் நடத்திவிடுவார். கயிற்றைக் கட்டு, கிளையைக் கட்டு, குச்சியெல்லாம் சேர்த்துக் கட்டு, தலையில் துண்டைக் கட்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் தெலுங்குக்காரர்கள். தெலுங்கிலும் கட்டு என்றால் கட்டுதான். அதனால் வருஷக்கணக்காக அந்தச் சொல் ஒரு விக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சுக்ராம் வந்தான். என்னைவிட இளையவன், ஜார்கண்ட்காரன். ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். மரத்தில் அவன் ஏறுவதைப் பார்த்தால் மரம்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறதோ என்று தோன்றும். அவனுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். அக்காவும் அவனிடம் இந்தியில்தான் பேசுவார், பதற்றமில்லாதபோது. பதற்றத்தில் அவருக்கு அரக்கோணம் வந்துவிடும்.

சைனிக்புரியில் ஒரு கர்னல் வீடு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், காலனிச் சங்கத்தின் செயலாளர். அவர் தோட்டத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், ஆள் உயரத்துக்கு மேலே இரண்டாகப் பிரிந்து நின்றது. பிரிந்த இடத்தில் ஒரு வெடிப்பு. ஒரு பாதி பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரையை நோக்கிச் சாய ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டார் மரத்தையே வெட்டச் சொன்னார்கள். கர்னலுக்கு மனமில்லை. சாய்ந்த பாதியை இழுத்து நிறுத்தி, இரும்புத் தண்டு போட்டு இறுக்கிவிடலாம் என்று அக்கா சொன்னார். செய்து காட்டினால் காலனி மர வேலை முழுவதும் உங்களுக்குத்தான், முடியாவிட்டால் மறுநாளே மரத்தை வெட்டிவிடுவேன் என்றார் கர்னல். அக்கா அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை.

கர்னல் ஒன்று மட்டும் சரியாகக் கேட்டார். கிளையை இழுக்க வின்ச் வேண்டும், ஆளை மேலே அனுப்பக் கூடை வேண்டும், வண்டி ஒன்றுதானே இருக்கிறது? அக்கா சிரித்தார். வண்டிக்கு வின்ச்சை மாட்டுவோம், சுக்ராமுக்குக் கை கால் இருக்கிறது, அவன் ஏறிக்கொள்வான் என்றார். பக்கத்து வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, எங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

திட்டம் எளிது. சுக்ராம் ஏறி, வின்ச் கயிற்றின் கொக்கியைச் சாய்ந்த பாதியில் ஒரு நைலான் பட்டையால் கட்ட வேண்டும். கட்டிய பிறகு நான் ரிமோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பேன். அந்தப் பாதியிலிருந்து சாயாத பக்கமாக நீண்டிருந்த ஒரு கிளையை வெட்டக் கூடாது, ஏனென்றால் அதன் கனம்தான் அந்தப் பாதியைக் கவிழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சுக்ராம் ஏறினான். கொக்கியை எட்டும் தூரத்தில் ஒரு முண்டில் மாட்டிவிட்டு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்று எழும்பியது. வெடிப்பு முனகியது. அக்காவுக்குப் பதற்றம் வந்தது.

"கட்டு, கட்டு" என்று கீழேயிருந்து கத்தினார்.

இந்தியில் வெட்டு என்பதற்குக் காட்டோ என்பார்கள். வெட்டக் கூடாது என்ற கிளையாயிற்றே என்று சுக்ராமுக்கே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கிளையைத் தொட்டுக் காட்டி, "காட்டூ?" என்று கேட்டான். வெட்டட்டுமா என்று கேட்டிருக்கிறான். அக்காவின் காதில் அது 'கட்டு' என்று விழுந்தது. தன் சொல்லையே அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "ஹவ், ஹவ், கட்டு" என்றார். ஹவ் என்றால் ஆமாம்.

அவன் இடுப்பிலிருந்த ரம்பத்தை எடுத்து வெட்டிவிட்டான்.

கிளை ஆளில்லாத புல்தரையில் விழுந்தது. அதன் பிறகு ஒரு சத்தம் கேட்டது. இன்றைக்கும் யாராவது முருங்கைக் கொம்பை முறித்தால் நான் அண்ணாந்து பார்த்துவிடுகிறேன். வெடிப்பு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. சாய்ந்த பாதி இன்னும் சாய்ந்தது. சுக்ராம் அந்தப் பாதியின் மேல்தான் இருந்தான். அவனுடைய பாதுகாப்புக் கயிறும் அதே பாதியில்தான் கட்டியிருந்தது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

கர்னல்தான் முதலில் பேசினார். கொக்கி அவனுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது, ஒரு முழம் நகர்ந்து அதை எடுத்து மாட்டச் சொல்லுங்கள், வின்ச் பிடித்துக்கொள்ளும், ஆள், மரம், கூரை மூன்றும் தப்பிக்கும் என்றார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு முழத்தை அவன் வெடித்த பாதியின் மேல்தான் நகர வேண்டும். வின்ச்சைக் கழற்றிவிட்டுக் கூடையை மாட்டினால் அவனை இறக்கலாம். அதுவரை அந்தப் பாதி தாங்கினால் உண்டு. அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

"நக்கோ" என்றார் அக்கா. வேண்டாம் என்பதை அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "வின்ச்சைக் கழட்டு. கூடையை மாட்டு."

அப்புறம் அந்தப் பாதியை எது பிடிக்கும் என்று கர்னல் கேட்டார். எதுவும் பிடிக்காது சார் என்று அக்கா இந்தியில் சொன்னார். கூரை போனால் கட்டித் தருகிறேன், மரம் போனால் போகட்டும் என்றார். பக்கத்து வீட்டார் எழுந்து நின்றார்கள். ஹோஸைக் கழற்றினோம். பின்னைத் தட்டினோம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. வின்ச்சைப் புல்தரையில் உருட்டிவிட்டுக் கூடையை மாட்டி, நான்கு கால்களையும் ஊன்றினோம்.

அக்கா சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரையும் போனையும் எடுத்து எங்கள் ஆளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கூடையில் ஏறினார். சாயாத பக்கமாக நான் தூக்கினேன். அதற்குமுன் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன், ஆனால் மேலே ஒருத்தனின் உயிர் ரிமோட்டின் நுனியில் இருந்தது அன்றைக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். அக்கா அவனிடம் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று கீழே கேட்கவில்லை. முதலில் கூடையிலிருந்த கயிற்றை அவன் இடுப்பில் மாட்டினார். பிறகு அவனுடைய ஒரு மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு வேலைக்கு ஒரு கையே அதிகம் என்று நினைக்கிறவர், அவன் இரண்டு காலும் கூடைக்குள் வரும்வரை பிடியை விடவில்லை. நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ரிமோட்டைப் பிடித்திருந்தேன்.

சாய்ந்த பாதி விழவில்லை. சுக்ராம் கூடைக்குள் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு எழுந்து கயிறு கேட்டான். இந்தத் தடவை கூடையில் நின்றபடியே மரத்தில் பட்டையைச் சுற்றி, அதில் கயிற்றைப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான். "பாந்தூ?" என்று கேட்டான். கட்டட்டுமா என்பது. அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "பாந்த். பாந்த்னா. காட்னா நக்கோ." பக்கத்து வீட்டாரில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோருமே சிரித்தோம், கர்னல் உட்பட.

இருவரும் இறங்கிய பிறகு, அந்தக் கயிற்றை வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி, கால்களை மடக்கி, வண்டியையே மெதுவாக நகர்த்தினேன். வின்ச் செய்ய வேண்டியதைச் சங்கிலியே செய்தது. வெடிப்பு மூடிக்கொண்டது. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த கர்னலின் கையில் குடையைக் கொடுத்து இடைவெளியை அளக்கச் சொன்னார் அக்கா. அவர் மறுபேச்சில்லாமல் அளந்தார். கயிற்றைத் தெரு ஓரத்து மரத்தில் செயின் புல்லி வைத்து இறுக்கிவிட்டு, மறுநாள் இரும்புத் தண்டு போட்டு முடித்தோம். மரம் தப்பியது. காலனி வேலையும் வந்தது.

டீ குடிக்கும்போது எங்கள் ஆட்கள் சுக்ராமைத் திட்ட ஆரம்பித்தார்கள். அக்கா தடுத்தார். "அவன் கேட்டான்ல? நான்தானே ஹவ்னு சொன்னேன். அவன் காதுல கோளாறு இல்ல, என் வாயிலதான்." அன்றிலிருந்து எங்கள் வேலை நடக்கும் இடத்தில் கட்டு என்ற சொல்லுக்குத் தடை. கட்டினால் பாந்த், வெட்டினால் காட், எந்த மொழிக்காரனாக இருந்தாலும். வாய் தவறினால் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தர வேண்டும். அதிகமாக வாங்கித் தந்தது அக்காதான். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று போன் செய்தேன். பட்டுப்புடவை பாந்தினு வரேன், கொஞ்சம் இரு என்றார்.

என் கணவருக்கு வேலை மாற்றலாகி நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். வாசலில் இரண்டாவதாக ஒரு செயின் வண்டி நின்றது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், கூடை மாட்டியிருந்தது. முன்பலகையில் பின்னைத் தேடினேன், காணவில்லை. வண்டியோடு கூடையைச் சேர்த்து வெல்டு வைத்திருந்தார். ஆள் மரத்தில் ஏறும்போதெல்லாம் இது கீழே நிற்கும், வேறு வேலை கிடையாது என்றார். அக்கா வாயிலிருந்தா இது வருகிறது என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. மற்ற நாளெல்லாம் சும்மா நிற்குமே, ஒரு சிப்பராவது மாட்டலாமே என்று வம்புக்கு இழுத்தேன்.

"சும்மா நிக்கட்டும்" என்றார். கூடையின் கம்பியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு அவசரம்னா நானே வந்து, இதைக் கழட்டு, அதை மாட்டுன்னு சொல்லுவேன். என் புத்தி எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் வெல்டு."